காலியாக இருந்த பின்சீட்

பெருவுக்கு நான் இன்காக்காரர்களின் கல்லையும் சுவரையும் பார்க்கப் போகவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கப் போனேன். என் தோழியின் பெண்ணுக்கு அடுத்த மாதம் மஞ்சள் நீராட்டு விழா. ஹால் பிடித்தாகிவிட்டது, கேட்டரிங்குக்குச் சொல்லியாகிவிட்டது, மேடை அலங்காரம் யார் என்பதுகூட ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்ட் முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "ஃபங்ஷனுக்கு நீங்க என்ன கலர் கட்டறீங்க?" என்று கேட்டதில்தான் விஷயமே தெரிந்தது. பச்சை என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அந்தப் பெண் பாதி என் வீட்டில் வளர்ந்தவள். எனக்குக் குழந்தை இல்லை. தோழி மெடிக்கல் சென்டரில் ஷிஃப்ட் பார்க்கிற நர்ஸ், அவள் கணவருக்கு வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. ஃபர்ஸ்ட் கிரேடிலிருந்து ஸ்கூல் பஸ் அந்தக் குழந்தையை என் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள். மீட்டிங்கில் பேசிக்கொண்டே ஒரு கையால் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். அவள் பெரிய மனுஷியானதும் என் வீட்டில்தான். பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆன்ட்டி, டோன்ட் ஃப்ரீக் அவுட், ஓகே?" என்றாள். நான் பதறவில்லை. வேண்டியதை எடுத்துக் கொடுத்தேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன், உளுந்தங்களி கிண்டினேன். அதற்கப்புறம்தான் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்த தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்கதாங்க்கா எல்லாம். எனக்கு முன்னாடி நிக்கோணும் நீங்க" என்றாள். ஈரோட்டுப் பேச்சு. அழுதால் இன்னும் இழுக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமே கட்டிக்கொள்கிற சிக்கல். இங்கே யாருக்கும் சொந்தபந்தம் கிடையாது. அதனால் சடங்கு வந்தால் சிநேகிதர்களைப் பிடித்து உறவுமுறையில் உட்கார வைத்துவிடுவோம். குழந்தைக்குக் காது குத்தியபோது தோழியின் தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். என் புருஷனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். குழந்தை வீறிட்டபோது தலையை அசையாமல் பிடித்தது நான். மடி அவருடையது. அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்கு அவர் 'மாமா' ஆகிவிட்டார், தோழிக்கு 'அண்ணா' ஆகிவிட்டார். நான் 'ஆன்ட்டி'யாகவே இருந்தேன். இத்தனைக்கும் தோழி என்னுடைய சிநேகிதி. நான் கட்டிக்கொண்டதால்தான் அந்த மனுஷனுக்கு அந்த வீட்டு வாசற்படியே தெரியும்.

பிறகு அவர் பேங்க் ப்ராஜெக்ட் என்று ஜெர்சி சிட்டிக்குப் போனார். வாரம் ஒரு முறை வந்தவர் மாதம் ஒரு முறை ஆனார். கடைசியில் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டார். டிவோர்ஸ் முடிந்தது. எனக்குப் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. வீட்டில் குறட்டைச் சத்தம் நின்றதுதான் கண்ட மாற்றம்.

ஆனால் விழா என்று வந்தால் தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவார்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவரா, நானா? அந்தப் பெண் பக்கத்தில் மேடையில் நிற்கப்போவது யார்? தோழி தானாக வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான், "ஒரு சேஞ்சா இருக்கும், நீங்களும் வாங்கக்கா" என்று பெரு ட்ரிப்புக்குக் கூப்பிட்டாள். பெண்ணை ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாளாம். மலை ஏறினால் மனசைத் திறப்பாள் என்று நானும் கிளம்பினேன். புத்தி கெட்டவள்.

மொத்தம் ஐந்து பேர். தோழியும் அவள் கணவரும். இன்னொரு ஜோடி, ஒரு டாக்டரம்மாவும் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருக்கும் அவர் கணவரும். அப்புறம் நான். கஸ்கோ என்ற மலை நகரத்திலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மேட்டுநிலத்துத் தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். அங்கே ஏடிவி வண்டிகள் நின்றன. நாலு தடித்த சக்கரம், ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில், ஆக்சிலரேட்டர் வலது கட்டைவிரலில். ஒரு வண்டியில் இரண்டு பேர், ஒருவர் பின்னால் ஒருவர். மண் பாதையில் ஓட்டிக்கொண்டு மோராய் என்ற இடத்துக்குப் போவது, அங்கிருந்து மாராஸ் உப்புப் பாத்திகள், அங்கே வண்டிகளை ஒப்படைத்துவிட்டு வேனில் திரும்புவது. அதுதான் அன்றைய ஏற்பாடு.

வழிகாட்டி ஓர் இளைஞன். மலை உயரத்தில் மூச்சு வாங்காமலிருக்க மெல்லுகிற கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு எங்கள் தலைகளை எண்ணினான். "டபுள், டபுள்… ஹூ இஸ் அலோன்?" என்று கேட்டான். நாலு பேரும் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். பனிமலையைப் பார்த்தார்கள், ஷூ லேஸைப் பார்த்தார்கள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நீ என்கூட வாயேன்டி. ரெண்டு ஆம்பளைங்களும் ஒண்ணா வரட்டும்" என்று தோழியிடம் சொன்னேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, இவளுக்குப் பயம் ஜாஸ்தி. நான்னா மெதுவா ஓட்டுவேன்" என்றார். அன்றைக்கு எல்லாரையும்விட வேகமாக, பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டியது அவர்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று தானாக ஏறிக்கொண்டார்கள். ஹூஸ்டன் ஃப்ரீவேயில் தொண்ணூறு மைல் வேகத்தில் பறக்கிற டாக்டரம்மா கணவரின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கொஞ்சினார். முதலில் டயர் அடுக்கிய ஒரு வட்டத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். எஞ்சினியர் நேராகப் போய் டயரில் முட்டினார். "பிரேக் லூஸா இருக்கு" என்று வண்டியைக் குறை சொன்னார். நான் முட்டாமல் சுற்றி வந்தேன். வழிகாட்டி கைதட்டினான். எங்கள் ஆட்களுக்குக் கை வலி போலிருக்கிறது, ஒருத்தரும் தட்டவில்லை.

கிளம்பப் போகும்போது டாக்டரம்மா தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க பின்சீட் காலியாத்தானே இருக்கு? இத கொஞ்சம் வச்சுக்கோங்களேன், ப்ளீஸ்."

வைத்துக்கொண்டேன். அடுத்து தோழியின் கணவர் ட்ரைபாடைக் கொண்டுவந்தார். அப்புறம் எல்லாருடைய ரெயின்கோட்டும் வந்தது. புளியோதரை டப்பா, சப்பாத்தி ரோல், வெந்நீர் ஃபிளாஸ்க், மருந்துப் பை. ஒவ்வொருவரும், "காலியாத்தானே இருக்கு" என்றே சொல்லிச் சொல்லி வைத்தார்கள். எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கடைசியில் என் முதுகில் எஞ்சினியரின் தெர்மாஸ் மூடி குத்திக்கொண்டிருந்தது. புருஷன் ஓடிப்போனவள் என்றால் எங்கள் குரூப்பில் அதற்கு இதுதான் அர்த்தம். அந்த இடம் பொது இடம் ஆகிவிடுகிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓட்ட ஆரம்பித்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. செம்மண் பாதை, இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல், எதிரே வெள்ளை வெளேரென்று மலை. கட்டைவிரலை அழுத்தினால் வண்டி உறுமிக்கொண்டு கேட்கிறது. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதும் கேட்ட முதல் ஜீவன். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன். புழுதி வாய்க்குள் போனது. துப்பிவிட்டு மறுபடியும் சிரித்தேன். அந்தப் பெண்ணை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்து ஓட்டச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன்.

மோராய் ஒரு பெரிய பள்ளம். அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கல் கட்டிய படிகள், கீழே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. வழிகாட்டி விளக்கினான். இன்காக்கள் இதை எதற்குக் கட்டினார்கள் என்று நிச்சயமாக யாருக்கும் தெரியாதாம். பயிர் சோதிக்கிற தோட்டமாக இருக்கலாம் என்கிறார்களாம். அடித்தட்டில் சூடு அதிகம், மேலே வர வரக் குளிர். கீழே முளைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிப் பழக்கியிருப்பார்கள் என்றான். கேட்க நன்றாக இருந்தது.

எஞ்சினியருக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் நம்ம ஆளுங்க டெக்னாலஜிதாங்க. குமரிக்கண்டத்துலேர்ந்து படகுல வந்திருப்பாங்க. அந்த வாட்டர் டிரெய்னேஜ பாருங்க, அப்படியே நம்ம ஏரிதான்" என்றார்.

"நம்ம ஆளுங்க கட்டியிருந்தா பாதி வட்டம் கட்டுறதுக்குள்ள சங்கம் ரெண்டா ஒடஞ்சு, பக்கத்துலயே இன்னொரு பள்ளம் தோண்டியிருப்பாங்க சார்" என்றேன். தோழியின் கணவர் சிரித்துவிட்டார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. அவர் ஹூஸ்டனில் உடைந்த தமிழ்ச் சங்கத்தின் ஒரு பாதிக்குப் பொருளாளர்.

பிறகு போட்டோ. வட்டங்களை முதுகுக்குப் பின்னால் வைத்து ஜோடி ஜோடியாக நின்றார்கள். ட்ரைபாட் இருந்தும் ஒவ்வொரு படத்தையும் என்னையே எடுக்கச் சொன்னார்கள். தள்ளிப் போ, கிட்ட வா, கையைத் தோளில் போடு என்று நானும் கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி விரட்டினேன். டாக்டரம்மா பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ரவுண்டு ரவுண்டா எவ்ளோ அழகா இருக்கு! நம்ம ஃபங்ஷனுக்கு ஸ்டேஜ்கூட இந்த மாதிரியே…" என்றார். அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த ஃபங்ஷன்?" என்றேன்.

எஞ்சினியர் தண்ணீர் கேட்டார்.

"இல்ல, சொல்லுங்க டாக்டர். எந்த ஃபங்ஷன்? உங்க பையனுக்கா? அவன் இன்னும் வயசுக்கு வரலையா?"

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போனது. அசடு வழிய, "ஐயோ, நீங்க ஒண்ணு…" என்று ஹேண்ட்பேகைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் விடுவதாக இல்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் தோழி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இனி நான் உங்க வண்டில வர்றேங்க்கா. உங்ககிட்ட பேசோணும்."

அவள் கணவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் தலையை அசைத்துத் தடுத்தாள். அவளே என் பின்சீட்டிலிருந்த பைகளை எல்லாம் அவிழ்த்து அவர்கள் வண்டியில் கட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்துவிட்டாள் பார், என்னிடம் வந்துவிட்டாள் என்று இருந்தது. எல்லார் எதிரிலும் புருஷனை விட்டுவிட்டு வந்து என் பின்னால் உட்காருகிறாளே! ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவளுக்கும் நானே வாரை இறுக்கிவிட்டேன். அவள் என் வயிற்றைச் சுற்றிக் கை கோத்துக்கொண்டாள்.

மாராஸுக்குப் போகிற பாதை வெட்டவெளி. மரம் கிடையாது, வீடு கிடையாது, காற்று மட்டும். வழிகாட்டி மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். அவன் பின்னால் அவர்கள் இரண்டு வண்டி. நான் பேச்சுக்காக மெதுவாக, கடைசியாகப் போனேன்.

"அக்கா, கேக்குதுங்களா?"

"சொல்லுடி."

"பாப்பாவுக்கு ஃபங்ஷன் வச்சிருக்கோங்க்கா."

"தெரியும். சொல்லு."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் பிடி இறுகியது.

"அண்ணா வர்றாருங்க்கா. ரெண்டு பேருமா வர்றாங்க. மடில உக்கார வச்சுக் காது குத்தினவரு, சீர் அவருதான் வைக்கோணும்னு என் மாமியார் ஒத்தக் கால்ல நிக்கறாங்க. தட்டு அவரு கூட இருக்கற பொண்ணுதான் எடுக்குது. நான் சண்டை போட்டுப் பாத்துட்டேங்க்கா."

நான் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க அங்க வந்து அதப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா? உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அதுக்குத்தானேங்க்கா உங்கள இந்த ட்ரிப்புக்குக் கூட்டிட்டு வந்தோம். நல்லா சுத்திப் பாத்தா மனசு ஆறும்னு. டாக்டர்தான் ஐடியா குடுத்தாங்க."

அப்போதுதான் புரிந்தது. இந்த மலை, இந்த வண்டி, கஸ்கோ ஹோட்டலில் எனக்கு மட்டும் ஜன்னலோர ரூம் கொடுத்து உபசரித்தது எல்லாமே அதற்குத்தான். அழப்போகிற குழந்தைக்கு முன்கூட்டியே மிட்டாய் வாங்கிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி. நாலு பேரும் என்னைச் சமாளிக்கத் திட்டம் போட்டு, பெரு வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவள் என் பின்னால் வந்து உட்கார்ந்ததும் என் மேல் உள்ள பாசத்தில் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. பின்சீட்டிலிருந்து சொன்னால் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஹெல்மெட் வேறு.

"வேற என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"பாப்பாவும் அதத்தாங்க்கா சொன்னா. ஆன்ட்டி வேண்டாம்னு."

நான் வண்டியை நிறுத்தினேன். மற்றவர்கள் ஒரு மேட்டைத் தாண்டி மறைந்துபோயிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டு அவள் பெண், 'ஆன்ட்டி கை மணம் அம்மாவுக்கு வராது' என்று சொன்னதுண்டு. அந்த வாயில் இதைப் போடுகிறாளே இந்தப் பாவி! மாமியாரைச் சொன்னாள், பொறுத்தேன். அந்த ஜெர்சி சிட்டிக்காரியைச் சொன்னாள், பொறுத்தேன். தன் கோழைத்தனத்தை மறைக்கக் குழந்தையை முன்னால் தள்ளினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இறங்கு" என்றேன்.

"ஏங்க்கா?"

"இறங்குடி."

இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். என் எதிரே வந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள். கட்டிக்கொண்டு அழப்போகிறோம் என்று நினைத்துவிட்டாள். அழுகைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

நான் கட்டைவிரலை அழுத்தினேன். அவள் விரித்த கையை மடக்குவதற்குள் நான் போய்விட்டேன். "அக்கா! ஏனுங்க்கா!" என்று கத்தியது கொஞ்ச தூரம் வரை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேனோ என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நிற்க மாட்டேன். மூச்சு வாங்குகிற உயரம், குடிக்கத் தண்ணீர் இல்லை, தண்ணீரெல்லாம் அவள் புருஷன் வண்டியில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விட்டுவிட்டுப் போனேன். தனியாக நிற்பது எப்படி இருக்கிறது என்று அவளும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று தோன்றியது.

உப்புப் பாத்திகளுக்கு மேலே இருந்த மேட்டில் அவர்கள் இறங்கி நின்றிருந்தார்கள். கீழே மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கட்டங்கள். இன்காக்களுக்கும் முன்னாலிருந்தே இங்கே உப்பு எடுக்கிறார்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். என் பின்சீட்டைப் பார்த்தான். அவள் கணவரும் பார்த்தார்.

"அவ எங்க?"

"வர்றா" என்றேன். "நடந்து."

வழிகாட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தான். அவள் கணவர் ஏடிவியில் பின்னாலேயே போனார். எஞ்சினியர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்துக் கீழே உப்பைப் பார்த்தார். டாக்டரம்மா மட்டும் என் கிட்டே வந்தார். காலையிலிருந்து பூசிக்கொண்டிருந்த இனிப்பெல்லாம் போயிருந்தது.

"ஆல்டிட்யூட்ல ஒருத்தர தனியா விட்டுட்டு வர்றது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அவளுக்கு ஆஸ்துமா இருக்கு. இந்தக் கோவத்துக்குத்தான் அவரு போனாரு. நாங்க எல்லாரும் உங்க சைடுதான் பேசினோம். தப்புப் பண்ணிட்டோம்."

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். வந்தது. "அவரு கோவத்துக்குப் போகலை டாக்டர், கொழுப்புக்குப் போனாரு. உங்க வீட்டுல கொலஸ்டிரால் செக் பண்ணியாச்சா?" என்றேன். எஞ்சினியர் இன்னும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அவளை மோட்டார் சைக்கிளில் பின்னால் வைத்துக் கொண்டுவந்தான் வழிகாட்டி. தலையெல்லாம் செம்மண், உதடு வெடித்திருந்தது, மூச்சு இரைத்தது. டாக்டரம்மா ஓடிப்போய் மருந்துப் பையைத் திறந்தார். வழிகாட்டி என்னிடம் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். "நோ மோர் டிரைவிங் ஃபார் யூ, லேடி" என்றான். காலையில் கை தட்டியவனும் அவன் ஒருவன்தான்.

வேன் வந்தது. நான் கடைசி சீட்டில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். தோழி ஏறினாள். அவள் கணவர், "இங்க வா" என்று தன் பக்கத்துச் சீட்டைக் காட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. ரொம்ப நேரம் இன்ஹேலரைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தாள்.

"நான் பொய் சொல்லலைங்க்கா" என்றாள் கடைசியில்.

"குழந்தை மேல பழி போடாத. எனக்கு எரியுது."

"பொய் சொல்லலைங்க்கா. நீங்களே கேட்டுக்கோங்க."

போனை எடுத்து வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்று தள்ளுவதற்குள் திரையில் அந்தப் பெண் வந்துவிட்டாள். என் வீட்டில் வைத்துவிட்டுப் போன மஞ்சள் ஹூடியைப் போட்டிருந்தாள். எப்போது வந்து எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"ஹாய் ஆன்ட்டி! லாமா பாத்தீங்களா? டிட் இட் ஸ்பிட்?"

"பாத்தேன்டா, கழுத்து நீண்ட ஆடு மாதிரி இருந்துச்சு. துப்பலை." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன். "கண்ணு, உன் ஃபங்ஷனுக்கு ஆன்ட்டி வரட்டுமாடா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. திரைக்கு வெளியே யாரையோ பார்த்தாள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள். குழந்தை முகம்தான். ஆனால் பேசும்போது அவள் அம்மா மாதிரியே வார்த்தையைத் தேடித் தேடி, இதமாகப் பேசினாள்.

"ஆன்ட்டி, இட்ஸ் லைக்… மாமாவும் வர்றாங்க. வித் ஹர். யூ கெட் ஸோ மேட், யூ நோ? லாஸ்ட் டைம் கோயில்ல கத்தினீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க. ஐ ஜஸ்ட் வான்ட் எவ்ரிபடி டு பி ஹேப்பி. நாம தனியா பண்ணலாம், ஓகே? ஜஸ்ட் அஸ். ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

தோழி என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்துப் புழுதியில் கண்ணீர் இறங்கிய தடம் காய்ந்திருந்தது.

"சரிடா" என்றேன். "உனக்குப் பாவாடை தாவணி எடுத்து வச்சிருக்கேன். அம்மாகிட்ட குடுத்து விடறேன், கட்டிக்கோ."

"ஓ…" என்று இழுத்தாள். "மாமா ஆல்ரெடி வாங்கிட்டாங்க, ஆன்ட்டி. பிக்சர் அனுப்பினாங்க. இட்ஸ் ஸோ ப்ரிட்டி. உங்களோடத வேற எதுக்காவது போட்டுக்கறேன். தீபாவளி, மேபி?"

"போட்டுக்கோடா."

"ஆர் யூ மேட்?"

"இல்லடா கண்ணு. நான் எதுக்குக் கோவப்படப் போறேன்?"

அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். அவள் சிரித்தால் எனக்கும் தானாக வந்துவிடும், எத்தனை வருஷப் பழக்கம். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கேமராவுக்குக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஆன்ட்டி, போனை அம்மாகிட்ட குடுக்கறீங்களா? ஒண்ணு கேக்கணும். இட்ஸ் கைன்ட் ஆஃப் ப்ரைவேட்."

கொடுத்தேன். தோழி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.